மிதக்கும் பந்து என்று விற்றான், நூலும் மெழுகும் வந்தது: காசைத் திருப்பிக் கேட்கலாமா கூடாதா?

வெண்ணாற்றங்கரை:
ஊர் கொரடாச்சேரி பக்கம். கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, காதுகுத்து என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போய் மேஜிக் செய்கிறேன், அதுதான் பிழைப்பு. போன மாதம் ஒரு இணையக் கடையில் 4,800 ரூபாய் கொடுத்து மிதக்கும் பந்து வாங்கினேன். விளம்பர வீடியோவில் ஒருவர் கூடத்தின் நடுவில் நிற்கிறார், நாலு பக்கமும் ஆட்கள், பந்து அவர் தலையைச் சுற்றி வந்து ஒரு பெண்ணின் உள்ளங்கைக்கு மேலே நிற்கிறது. கீழே கொட்டை எழுத்தில் ‘எந்தக் கோணத்திலும், எந்த வெளிச்சத்திலும் செய்யலாம், பயிற்சி தேவையில்லை’. பார்சலில் இருந்தது வெள்ளிப் பூச்சு அடித்த தெர்மாகோல் உருண்டை, அட்டையில் சுற்றிய நூல், புளியங்கொட்டை அளவு மெழுகு, செய்முறை வீடியோவுக்கு ஒரு க்யூஆர் கோடு, அவ்வளவுதான். அந்த செய்முறையில் அதே ஆள் சொல்கிறார்: பின்னால் கறுப்புத் திரை கட்டுங்கள், பக்கவாட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள், ஃபேனை அணைத்துவிடுங்கள். இதைக் காசு வாங்குவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் நான் வாங்கியே இருக்க மாட்டேன். திருப்பி எடுத்துக்கொள் என்றால் ‘ரகசியம் தெரிந்துவிட்டது, ரிட்டர்ன் கிடையாது’ என்கிறான்.

கும்பகோணம்_செப்படிவித்தை:
தம்பி, வருத்தம் புரிகிறது. ஆனால் நீ வாங்கியது தெர்மாகோலை இல்லை, அதைச் செய்கிற உபாயத்தை. உபாயம் கைக்கு வந்தவுடன் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நடக்கிறது. அமெரிக்காவில் ஒமாஹாவில் டேவிட் ஆபட் என்று ஒருவர் இருந்தார், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் வீட்டுக்குள்ளேயே தங்கநிறப் பந்தை மிதக்கவிட்டார், பெரிய பெரிய மேஜிக்காரர்கள் அவர் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். அவரிடம் இருந்ததும் நூல்தான். விளம்பரத்தில் ‘நூல் உண்டு’ என்று போட்டால் ஊரே தெரிந்துகொள்ளும், அப்புறம் நீ எதை வைத்துப் பிழைப்பாய்? இங்கே வந்து நூல், மெழுகு என்று தலைப்பிலேயே போட்டு உடைத்திருக்கிறாயே, அதுவும் சரியில்லை.

பாமணி_ஓரம்:
அண்ணே, நூல் என்பது மூணாம் வகுப்புப் பையனுக்கே தெரியும், அதை விடுங்கள். நீங்கள் சொன்ன ஆபட் கதையே உங்களுக்கு எதிராகத்தான் போகிறது. அவர் செய்தது அவர் வீட்டில், வெளிச்சமும் நாற்காலியும் எங்கே என்று அவரே முடிவு செய்த இடத்தில். ‘எந்தக் கோணத்திலும்’ என்று அவர் யாருக்கும் விற்கவில்லை.

ரகசியத்தை மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு. ஸ்வெங்காலி சீட்டுக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விரலால் சரசரவென்று புரட்டிக் காட்டினால் எல்லாம் வேறு வேறு சீட்டு, எடுக்கச் சொன்னால் ஒரே சீட்டு. ஒன்றுவிட்டு ஒரு சீட்டைத் துளி குட்டையாக வெட்டியிருப்பார்கள் என்பதை எந்தக் கடைக்காரனும் அட்டையில் எழுதுவதில்லை, யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை, ஏனென்றால் படத்தில் காட்டியது வீட்டிலும் நடக்கிறது. பற்றவைத்தால் பளிச்சென்று நொடியில் எரிந்துபோகிற ஃப்ளாஷ் பேப்பரும் அப்படித்தான், பாதுகாப்புக்காக ஈரமாக அனுப்புவார்கள், ‘காயவைத்துப் பயன்படுத்தவும்’ என்று முன்கூட்டியே சொல்கிற கடையோடு யாருக்கும் சண்டை வந்ததில்லை, நாகப்பட்டினம் உப்புக்காற்றில் இருப்பவர்களுக்குக் கூட.

வெண்ணாற்றங்கரை:
நம் ஊர் மேடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் அண்ணே. கோயில் வாசலில் மூங்கில் பந்தல், மூன்று பக்கமும் திறப்பு. இடது பக்கம் பாயில் பெண்கள், வலது பக்கம் நாட்டாமைக்காரர்கள் நாற்காலி, அவர்களுக்காக ஓடுகிற பெடஸ்டல் ஃபேன் நேராக மேடையைப் பார்த்து ஊதுகிறது, அணைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஜெனரேட்டரில் எரிகிற ஃபோகஸ் லைட் பக்கத்திலிருந்து அடித்தால் நூல் பளபளவென்று தெரிகிறது. பையன்கள் மேடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி நிற்பார்கள். இதற்குத்தான் ‘எந்தக் கோணத்திலும்’ என்ற வார்த்தையைப் பார்த்து வாங்கினேன். பந்து மிதக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கறுப்புத் திரைக்கு முன்னால், நேர் எதிரே உட்கார்ந்தவனுக்கு நன்றாகத்தான் மிதக்கிறது.

கும்பகோணம்_செப்படிவித்தை:
அப்படியானால் பொருள் வேலை செய்கிறது என்று நீயே சொல்கிறாய். உன் மேடைக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டியது வாங்குகிறவன் பொறுப்பு. வீடியோவில் எத்தனை இடத்தில் வெட்டு இருக்கிறது, கேமரா நகர்கிறதா, சுற்றி இருப்பவர்கள் கடைக்காரன் ஆட்களா, இதையெல்லாம் பார்க்காமல் 4,800 கொடுக்கலாமா? தவிர, ரகசியத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்று வைத்தால் ஊரில் இருக்கிற அத்தனை பேரும் வாங்கிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறவன் எப்படிச் சாப்பிடுவான்?

திருவாரூர்_வழக்காடி:
ரிட்டர்ன் பற்றி அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் சட்டம் அதோடு நிற்கவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(28) தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்று சொல்கிறது: பொருளைப் பொய்யாக விவரிப்பது, பொய் உத்தரவாதம் தருவது, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பது. ‘எப்படிச் செய்கிறோம்’ என்பதை மறைத்தது இங்கே பிரச்சினை இல்லை. ‘எங்கே செய்ய முடியாது’ என்பதை மறைத்து, அதற்கு நேர்மாறாக எழுதியும் வைத்தார்களே, அதுதான் பிரச்சினை.

கடைக்காரன் ஒரு வாதம் வைப்பான், இப்போதே சொல்லிவிடுகிறேன்: ‘இவர் தொழிலுக்கு வாங்கினார், நுகர்வோரே இல்லை’ என்பான். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மைதான், ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் இல்லை என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. தனி ஆளாக மேஜிக் செய்து பிழைக்கிறவர் அதற்குள் வருவார் என்பது என் கருத்து. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, அதாவது திருவாரூர் நுகர்வோர் ஆணையத்திலேயே, புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த காசு 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன் போடுங்கள், பல கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவான்.

கும்பகோணம்_செப்படிவித்தை:
ஒரு பந்துக்கு கோர்ட்டா? நாளைக்கு நீதிபதி ‘செய்து காட்டு’ என்பார், அத்தனை பேர் முன்னால் நூலைக் கட்டிக் காட்டப் போகிறீர்களா?

பாமணி_ஓரம்:
காட்டட்டுமே, பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், அதோடு கேஸ் முடிந்தது 😄
அண்ணே, நேரடியாகவே கேட்கிறேன், நீங்களும் பெட்டி செய்து விற்கிறவர்தானே?

கும்பகோணம்_செப்படிவித்தை:
ஆமாம், ஆளை மறைக்கிற பெட்டி ஆர்டரின் பேரில் செய்து கொடுக்கிறேன், அதை ஒளிக்க என்ன இருக்கிறது. வாங்க வருகிறவனிடம் ‘பின்பக்கம் ஆள் கூடாது, பின்னால் திரை வேண்டும்’ என்று வாயால் சொல்லித்தான் அட்வான்ஸ் வாங்குவேன். ஆனால் அதை விளம்பரத்தில் எழுத மாட்டேன். ‘பின்னால் திரை’ என்று எழுதினாலே பாதி ரகசியம் போச்சு.

வெண்ணாற்றங்கரை:
எழுத வேண்டாம், வாயாலாவது சொன்னீர்களே. இவனிடம் நான் வாங்குவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ‘திறந்த மேடையில் செய்யலாமா’ என்று கேட்டதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றை அனுப்பினான்.

திருவாரூர்_வழக்காடி:
இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? அந்த அரட்டையை அழிக்காமல் வையுங்கள், தேதியோடு தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

கும்பகோணம்_செப்படிவித்தை:
கேட்டதற்கு ஆமாம் என்று பதில் வந்ததா? அப்படியென்றால் அது வேறு விஷயம். அந்தக் காசை அவன் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ரிட்டர்ன் கூடாது என்று பொதுவாக நான் சொன்னதில் மாற்றம் இல்லை.