பி53 ‘நல்’ என்று வந்திருக்கிறது, எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி (காரைக்குடி):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தாவுக்கு (வயது 68) சினைப்பைக் கட்டி அகற்றப்பட்டு, அதன் இம்யூனோ அறிக்கை (திசுவில் சாயமேற்றிப் புரதங்களைத் தேடும் சோதனை) சென்ற வாரம் வந்தது. பாக்ஸ்8, டபிள்யூ.டி.1 என்ற புரதக் குறிகள் இரண்டும் பாசிட்டிவ். பி53 என்ற புரதம் மட்டும் ‘நல்’ (ஆங்கிலத்தில் null) வகை, அதாவது சாயமே ஏறவில்லை. முகப்பில் உட்கார்ந்து அதைப் படித்த சித்தப்பா, ‘நல் என்றால் நல்லதுதானே’ என்று எங்களைத் தேற்றினார். மருத்துவரோ ஹை கிரேட் சீரஸ் புற்று (வேகமாக வளரும் சினைப்பைப் புற்று வகை) என்கிறார். சாயமே ஏறாத ஒன்றை வைத்து அப்படிச் சொல்ல முடியுமா? ஆய்வகத்தில் சாயம் சரியாக ஏறாமலும் போயிருக்கலாம் அல்லவா?

பதில் 1 (நோய்க்குறியியல் மருத்துவர், மதுரை):
அம்மா, உங்கள் ஐயம் நியாயமானது. பி53 புரதம் இருக்கும் இடம் பழுப்பாகும், இல்லாத இடம் நீலமாக நிற்கும். இயல்பான பி53 மரபணு உள்ள திசுவில் சில உட்கருக்கள் வெளிர்பழுப்பாகவும் சில அடர்பழுப்பாகவும் மற்றவை நீலமாகவும் கலந்து தெரியும். மரபணுப் பிழையால் உருமாறிய புரதம் சிதையாமல் தேங்கினால் ஏறத்தாழ எல்லாப் புற்றணுக்களும் அடர்பழுப்பாகிவிடும். பிழை புரதத்தையே பாதியில் அறுத்துவிட்டால் ஒன்றுகூடப் பழுப்பேறாது, அதுவே ‘நல்’. இரண்டுமே இயல்புக்கு மாறானவை. 2011இல் வெளியான அமெரிக்கப் புற்று மரபணு ஆய்வில் ஹை கிரேட் சீரஸ் கட்டிகளில் 96 விழுக்காட்டில் இந்த மரபணு பிழைபட்டிருந்தது.

சாயம் தவறியதா என்பதை அதே கண்ணாடித் தகட்டிலேயே அறியலாம். புற்றுக்கு நடுவே ஓடும் இரத்தக்குழாய்ச் சுவரிலும் நிணவணுக்களிலும் மெல்லிய பழுப்பு தெரிந்தால் சாயம் வேலை செய்திருக்கிறது. அவையும் வெறும் நீலமாக இருந்தால், ஃபார்மலினில் திசு சரியாகப் பதப்படாதது போன்ற காரணங்களை ஐயுற்று, மறுபடி சாயமேற்ற வேண்டும். இதை ஆய்வகத்தாரிடமே கேளுங்கள். குடலிலிருந்து பரவிய கட்டியாக இருந்தால் பாக்ஸ்8 பொதுவாக ஏறாது, சி.டி.எக்ஸ்2 என்ற குடல் சார்ந்த குறிதான் ஏறும். ஒரு குறியை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை.

பதில் 2 (தேவகோட்டை):
இரண்டாவது கருத்துக் கேட்பதானால் அறிக்கையோடு, திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். என் தாயாருடையதைச் சித்திரை வெயிலில் பூட்டிய காரில் வைத்துவிட்டு, மெழுகு ஓரம் இளகிப் பதறினேன். நல்லவேளையாகத் திசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுக்களில் பிழை உண்டா என்று பார்க்கும் பரிசோதனைக்கும் அதே மெழுகுக் கட்டி உதவும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஆய்வகத்தில் கேட்டேன்; இரத்தக்குழாய்ச் சுவர்களில் பழுப்பு ஏறியிருக்கிறதாம். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் அது ஒரு வரியாக இருந்தது. நாங்கள் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டோம். சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.