புல்தரையில் ஊதாத் தீற்றலோடு வெள்ளைப்பூ: என்ன செடி இது?

பொங்கோல்வாசி:
சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குக்குப் பின்னால், கால்வாயை ஒட்டிய புல்தரையில் ஒரு செடி மண்டிக் கிடக்கிறது. சின்ன வெள்ளைப்பூ, ஐந்து இதழ், கீழ் இதழில் மட்டும் ஊதாத் தீற்றல். புக்கிட் தீமா பக்கம் பழைய ரயில் பாதையில் இதே சாயலில், ஆனால் முழுக்க ஊதாவாக, கொஞ்சம் பெரிய பூவும் பார்த்தேன். இரண்டும் ஒன்றா? கீரையாகச் சமைக்கலாம் என்கிறார் மாமியார், நம்பலாமா?

தோட்டக்காரி:
வெள்ளை, அசிஸ்டேசியா கஞ்செடிக்கா. சீன வயலட் என்றும் சொல்வார்கள். நம் கனகாம்பரம், ஆடாதோடை குடும்பம்தான். இதில் இரண்டு துணையினங்கள். உங்களுடையது மைக்ராந்தா, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பரவியது, பூ 2.5 செ.மீ.க்குமேல் போகாது. இன்னொன்று இந்தியா, இலங்கைப் பக்கத்தது, அதற்குத் துணையினப் பெயரும் கஞ்செடிக்காதான், பூ 4 செ.மீ. வரை வரும், பெரும்பாலும் ஊதா, ஆனால் வெள்ளையிலும் வெளிர்மஞ்சளிலும்கூட உண்டு, அதனால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள். தரையில் படும் கணுவெல்லாம் வேர்விடும், காய் காய்ந்ததும் வெடித்து விதையைத் தூர எறியும், மலேசியாவில் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி.

ஜொகூர்_மணி:
அந்த ஊதாப்பூ பட்டாசுக்காய்ச் செடியாக இருந்தால்? ஊரில் சின்ன வயசில் காயை எச்சில் தொட்டு வெடிக்கவிடுவோமே, அதுதான், ருவெல்லியா டியூபரோசா. அதுவும் இதே குடும்பம்.

தோட்டக்காரி:
நல்ல கேள்வி மணி அண்ணா. பட்டாசுக்காய்ப் பூ இன்னும் பெரிது, சுமார் 5 செ.மீ., இதழ் கசங்கின துணி மாதிரி இருக்கும், மதியத்துக்குமேல் உதிர்ந்துவிடும். காய் ஈரம் பட்டால்தான் வெடிக்கும். அசிஸ்டேசியாவில் பூக்கள் தண்டின் ஒரே பக்கமாக வரிசையாக நிற்கும், அதைப் பார்த்தாலே போதும்.

பொங்கோல்வாசி:
அந்த ஊதாப்பூ போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரே பக்கமாகத்தான் நிற்கிறது. அப்போ அதுவும் அசிஸ்டேசியா. சரி, கீரை?

தோட்டக்காரி:
இளம் இலையை ஆப்பிரிக்காவில் கீரையாகச் சாப்பிடுகிறார்கள், மாமியார் சொன்னது சரி. ஆனால் நாய் நடமாடுகிற, மருந்து தெளிக்கிற புல்தரையில் பறித்ததைச் சமைக்க வேண்டாம், பூங்காக்களில் செடி பறிப்பது சட்டப்படி குற்றமும்கூட. ஆசையாக இருந்தால் சந்தையில் முளைக்கீரை வாங்கிக் கொடுங்கள். இலையின் அடியில் கறுப்பாக முள்முள்ளான புழு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஹைப்போலிம்னாஸ் பொலினா என்கிற பட்டாம்பூச்சி இந்தச் செடியிலும் முட்டையிடும்.