பிராக்டிகல் பிஸ்டல் போட்டி: காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு எங்கே தொடங்குவது?

தேவகோட்டை_வளவு:

எல்லாருக்கும் வணக்கம். நேரம் ஓட ஓட இடம் மாறி அட்டைகளைச் சுடுற பிராக்டிகல் பிஸ்டல் போட்டியில கலந்துக்கணும்னு ஆசை. வயசு 29. வலது கைக்காரன். துப்பாக்கி கிடையாது, லைசென்ஸ் கிடையாது. ஞாயித்துக்கிழமை மட்டும் மதுரைக்கோ திருச்சிக்கோ போய் வரலாம், மத்த நாளெல்லாம் வேலை. வீடு பழைய வீடு, முகப்புல நின்னா பின்வாசல் வரைக்கும் நேர்கோடாத் தெரியும், நீளத்துக்குக் குறைவில்லை. வீட்டுக்குள்ளேயே ஏர் பிஸ்டல்ல பழகலாமா? அப்படிப் பழகினா அந்தப் போட்டிக்கு உதவுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கண்டனூர்ப்_பத்து:

தம்பி, ஏமாற்றம் தர்ற விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். பிராக்டிகல் போட்டியை உலக அளவுல நடத்துறது ஐ.பி.எஸ்.சி.ங்கிற சர்வதேசக் கூட்டமைப்பு. 1976ல அமெரிக்காவுல கொலம்பியாங்கிற ஊர்ல கூடி ஆரம்பிச்ச அமைப்பு. அதோட விதிப்படி கைத்துப்பாக்கிக்குக் குறைஞ்சபட்சத் தோட்டாவே 9×19 மி.மீ. நம்ம நாட்டுச் சட்டத்துல அந்த 9 மி.மீ. தடை செய்யப்பட்ட போர் (bore, அதாவது குழலோட உள் விட்டம்). பொதுவா லைசென்ஸுக்குக் கிடைக்கிற .32 அங்குலத் தோட்டா அங்க செல்லாது. சாதாரண லைசென்ஸ்காரருக்கு அந்த வாசல் அடைச்சேதான் இருக்கு.

ஆனா அந்தப் போட்டியோட கணக்கைப் புரிஞ்சுக்கிட்டா நீங்க எதைப் பழகணும்னு தெளிவாயிடும். சக்தி குறைஞ்ச தோட்டாவுக்கான மைனர் வகையில, அட்டையோட நடுவுல இருக்கிற ஏ பகுதிக்கு 5 புள்ளி, சி-க்கு 3, டி-க்கு 1. அட்டையில படாம போனா கழித்தல் 10. மொத்தப் புள்ளியை எடுத்துக்கிட்ட விநாடியால வகுத்தா வர்றதுதான் ஹிட் ஃபேக்டர். 12 குண்டுல 10 ஏ, 2 சி, 14 விநாடின்னு வைங்க: 56 புள்ளி, வகுத்தா சரியா 4. இப்ப அவசரப்பட்டு 2 விநாடி மிச்சம் பிடிச்சு, ஒரு குண்டைத் தவற விடுறீங்க: 50 கூட்டல் 3 கழித்தல் 10, அதாவது 43. அதை 12ஆல வகுத்தா 3.58. வேகமாப் போயும் நஷ்டம். ஓட்டம் பிறகு வரும். ட்ரிகரை ஆடாம இழுக்கத் தெரியாதவனுக்கு அந்த ஓட்டத்தால ஒண்ணும் கிடைக்காது.

அதனால நம்ம ஊர்ல இருந்து போற பாதை இது. முதல்ல 10 மீட்டர் ஏர் பிஸ்டல். 4.5 மி.மீ. போர், குண்டு கிளம்புற சக்தி 20 ஜூலுக்கு உள்ளே இருந்தா 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம். போட்டிக்கான ஏர் பிஸ்டல் சுமார் 6 ஜூல்தான். வாங்கின பில், அடையாள அட்டை நகல் ரெண்டையும் பெட்டியிலேயே வச்சுக்குங்க. ரைஃபிள் கிளப் மதுரையிலும் இருக்கு, திருச்சியிலும் இருக்கு. 2022 ஜூலையில திருச்சியில நடந்த மாநிலப் போட்டியிலதான் நடிகர் அஜித் வந்து சுட்டார். ஒரு கிளப்புல உறுப்பினராகி, மூணு மாசம் அவங்க துப்பாக்கியிலேயே சுட்டுட்டு அப்புறம் சொந்தமா வாங்குறதைப் பத்தி யோசிங்க.

அதுக்கடுத்து 25 மீட்டர். நீங்க ஆசைப்படுற வேகம் அங்க இருக்கு. ஸ்டாண்டர்ட் பிஸ்டல் போட்டியில .22 அங்குலத் துப்பாக்கியை வச்சு ஐந்தைந்து குண்டா, முதல்ல 150 விநாடி, பிறகு 20, பிறகு 10 விநாடியில முடிக்கணும். பெரிய தோட்டாவுக்கான சென்டர் ஃபயர் போட்டியில பிற்பாதி 30 குண்டும் அட்டை 3 விநாடி முகம் காட்டி 7 விநாடி மறையும், ஒவ்வொரு முறை காட்டும்போதும் ஒரே குண்டு, கை 45 பாகைக்குக் கீழே இருந்து கிளம்பணும். சென்டர் ஃபயர் அளவு 7.62ல இருந்து 9.65 மி.மீ. வரை, ஆகவே ஐ.பி.எஸ்.சி.க்கு ஆகாத .32 இங்க செல்லும். இதுக்கு லைசென்ஸ் வேணும். 21 வயசு ஆகியிருக்கணும், நம்ம மாவட்டத்துக்குச் சிவகங்கை கலெக்டர் அலுவலகத்துல விண்ணப்பம். காவல் விசாரணை முடிய நாளாகும், ஏர் பிஸ்டல் பழக்கம் முத்துறதுக்கு அந்தக் காலம் சரியா இருக்கும்.

ஆத்தங்குடிக்_கல்:

வீட்டுக்குள்ள சுடுறதைப் பத்தி மட்டும் சொல்றேன். முகப்புல இருந்து பின்வாசல் வரை நேரா இருக்கேன்னு அந்த வரிசையில சுடவே கூடாது. எத்தனை நிலை இருக்கோ அத்தனை வழியிலயும் ஆள் குறுக்கே வருவாங்க. நம்ம வீடுகள் பாதிக்கு முன்னாடி ஒரு தெரு, பின்னாடி ஒரு தெரு. பால்காரர் பின்கட்டு வழியா வருவார், ஆச்சி சாமி அறைக்குப் போவாங்க, பிள்ளைக ஓடும். நீங்க கண்ணைக் குழல் நுனியில இருக்கிற முன்குறியில வச்சிருக்கும்போது நிலைக்குள்ள நுழையிற ஆள் தெரியவே மாட்டாங்க.

வளவு முற்றத்தைச் சுத்தி வர்ற பத்தியில, அதாவது தாழ்வாரத்துல, ஒரு முனை சுவரா அடைச்சிருக்கிற பக்கமாப் பாருங்க. சுடுற இடத்துக்கும் அட்டைக்கும் நடுவுல எந்த அறைக் கதவும் திறக்கக் கூடாது. திறந்தா அதை உள்பக்கம் தாழ் போட்டுட்டுத்தான் துப்பாக்கியைப் பெட்டியில இருந்து எடுக்கணும். முற்றத்துப் பக்கம் நிக்கிற கல்தூணுக்கும் உங்க கோட்டுக்கும் ஒரு முழமாவது இடைவெளி வேணும். கருங்கல்லுல பட்ட ஈயம் எந்தப் பக்கம் தெறிக்கும்னு சொல்ல முடியாது. பர்மா தேக்கும் அப்படித்தான், மெத்துன்னு வாங்கிக்கும்னு நினைக்காதீங்க, கெட்டி மரம் குண்டைத் திருப்பி அனுப்பும். வீட்டுக்குள்ள இருக்கிற எல்லாருமே சுடும்போது கண்ணாடி போட்டிருக்கணும், அல்லது அந்தப் பத்தியிலேயே இருக்கக் கூடாது.

குண்டு வாங்குற பெட்டியைப் பட்டறையில சொல்லிச் செய்யுங்க. வாய் 35க்கு 35 செ.மீ., உள்ளே 3 மி.மீ. இரும்புத் தகடு, மேல்விளிம்பு உங்க பக்கமாச் சாய்ஞ்சு 45 பாகையில. குண்டு பட்டதும் கீழ்த் தட்டுல விழும். தகட்டை நெட்டுக்குத்தலா வச்சா நேரா உங்க மூஞ்சிக்குத் திரும்பும், நிறைய பேர் தப்புப் பண்ற இடம் இதுதான். பெட்டிக்குப் பின்னாடி சுவர்ல இருந்து ஒரு சாண் தள்ளி பழைய ஜமுக்காளத்தை ரெண்டா மடிச்சுத் தொங்கவிடுங்க. இறுக்கிக் கட்டாதீங்க, தொங்கினாத்தான் தவறிப் போன குண்டோட வேகத்தை வாங்கும். முட்டை கலந்த சுண்ணாம்புல பூசின முட்டைப் பூச்சுச் சுவர்ல ஒரு பள்ளம் விழுந்தா அந்தப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர கொத்தனார் கிடைக்க மாட்டார்.

அட்டையோட நடு, தரையில இருந்து 140 செ.மீ. இதுல ஒரு சிக்கல் இருக்கு. மழைத்தண்ணி வடிய நம்ம பத்திகள் முற்றத்துப் பக்கமும் கோடிப் பக்கமும் வாட்டமா இருக்கும். 10 மீட்டர்ல ரெண்டு விரற்கடை இறக்கம் இருந்தாக்கூட டேப்பால ரெண்டு பக்கமும் தனித்தனியா அளந்தா தப்பா வரும். கொத்தனார் தண்ணி மட்டக் குழாயை வாங்கி, நீங்க நிக்கிற தரையில இருந்து 140ஐக் குறிச்சு, அதே மட்டத்தை அட்டைப் பக்கம் கொண்டுபோங்க. நிக்கிற இடத்துல ஆத்தங்குடிக் கல்லு எண்ணெய் போட்டுத் துடைச்ச வழவழப்புல இருந்தா, உலர்ந்த துணியால நல்லாத் தேய்ச்சுட்டு நில்லுங்க. மெத்தை மாதிரி விரிப்பு வேண்டாம், இடுப்பு ஆடும்.

வெளிச்சம்: போட்டியில அட்டை மேல குறைஞ்சது 1500 லக்ஸ் இருக்கும். முற்றத்து வெயில் காலையில ஒரு பக்கமும் சாயங்காலம் இன்னொரு பக்கமும் விழும், அதுக்கேத்த மாதிரி கறுப்பு வட்டமே சிறுசா பெருசாத் தெரியும், குறி ஏறி இறங்கும். அதைத் திருத்த துப்பாக்கியோட குறித் திருகைத் திருகிக்கிட்டே இருந்தீங்கன்னா கடைசிவரை குறி நிலைக்காது. பொழுது சாய்ஞ்சப்புறம் அட்டைக்கு மட்டும் ரெண்டு எல்.இ.டி. பல்பை மறைப்போட போட்டு, தினமும் ஒரே வெளிச்சத்துல சுடுங்க.

முடிஞ்சதும் ஈரத்துணியால துடைங்க, விளக்குமாத்தால கூட்டாதீங்க, ஈயத்தூசி எழும்பும். சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் அடுப்படிப் பக்கம் போகணும்.

தேவகோட்டை_வளவு:

ரொம்ப நன்றி அண்ணே. கிழக்குப் பத்தியில 11 மீட்டர் கிடைக்குது, கதவு ஒண்ணே ஒண்ணு, தாழ் போட்டுடலாம். இன்னொரு சந்தேகம். கிளப் துப்பாக்கியில 40 குண்டு சுட்டதுல பாதிக்கு மேல இடது கீழ்ப்பக்கமாவே குவியுது. குறித் திருகைத் திருத்தலாமா?

முன்குறி:

திருகைத் தொடாதீங்க. வலது கைக்காரருக்கு ஏழு, எட்டு மணிப் பக்கம் குவியுதுன்னா அது விரலோட வேலை. கணக்கைப் பாருங்க. முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவுல ஏறக்குறைய 33 செ.மீ. ட்ரிகரை வெடுக்குன்னு இழுக்கும்போது முன்குறி பின்குறியோட பள்ளத்துக்குள்ள அரை மி.மீ. நகர்ந்தாலே 10 மீட்டர்ல 15 மி.மீ. தள்ளிப் போகும். ஏர் பிஸ்டல் அட்டையில வளையத்துக்கு வளையம் 8 மி.மீ., நடுவுல இருக்கிற பத்துப் புள்ளி வட்டத்தோட விட்டமே 11.5 மி.மீ.தான். அரை மி.மீ.க்கு ரெண்டு வளையம் போச்சு. அதே சமயம் குறி ரெண்டும் நேரா இருந்து கை மொத்தமா 5 மி.மீ. ஆடினா அட்டையிலயும் வெறும் 5 மி.மீ.தான். கை ஆட்டத்துக்குப் பயந்து, கறுப்பு வட்டம் சரியா உட்காரும் நொடியைப் பிடிக்கப் பார்த்து வெடுக்குன்னு இழுக்கிறோம், கெடுறது அங்கதான்.

பார்வை முன்குறியோட மேல்விளிம்புல கூர்மையா இருக்கணும், கறுப்பு வட்டம் மங்கலாத்தான் தெரியணும். வட்டத்துக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை விட்டு, அந்த வெள்ளைப் பகுதியில குறி மிதக்கட்டும். ட்ரிகர் இழுப்போட முதல் கட்டத்தை கை இறங்கும்போதே இழுத்து முடிச்சிடுங்க, மிச்சத்தை ஒரே சீரா அழுத்துங்க. எட்டுப் பத்து விநாடிக்குள்ள விடுபடலைன்னா கையை இறக்கிட்டு மறுபடி தூக்குங்க. 60 குண்டுக்கு மின்னணு அட்டையில 75 நிமிஷம், காகித அட்டைன்னா 90. அவசரமே இல்லை.

ஆள்காட்டி விரலோட பக்கவாட்டு பிடியோட மரத்தைத் தொடுதான்னு பாருங்க. ஒரு தாளை நடுவுல விட்டா அது தடையில்லாம போய் வரணும். தொட்டா ஒவ்வொரு இழுப்பிலயும் மரம் இடப்பக்கம் தள்ளுப்படும். கிளப் பிடி உங்க கைக்குப் பெரிசா இருந்தாலும் இதே கோளாறு வரும்.

பழகுற முறை: வாரத்துல நாலு நாள், 20 நிமிஷம், குண்டு போடாம வெறும் சுவரைப் பார்த்து. முட்டைப் பூச்சு வெள்ளைச் சுவர் இதுக்குன்னே செஞ்ச மாதிரி, அதுல கண்ணுக்கு வேற பிடிமானம் இல்லாததால முன்குறி மட்டுமே தெரியும். ட்ரிகர் விடுபடும்போது முன்குறி துடிக்குதான்னு பாருங்க. துடிக்காத நாளுக்கு மட்டும் குண்டு போட்டு 30 சுடுங்க. 2024 பாரிஸ்ல மனு பாக்கர் தகுதிச் சுற்றுல எடுத்தது 600க்கு 580. புதுசா வர்றவங்க 500ஐத் தொட்டாலே மாவட்ட அளவுல நிக்கலாம்னு வச்சுக்கிட்டு வேலை செய்யுங்க.

கண்டனூர்ப்_பத்து:

முன்குறி சொன்னதுல ஒண்ணே ஒண்ணுல மாறுபடுறேன். தம்பி ஆசைப்படுறது வேகப் போட்டிங்கிறதால, வாரத்துல ஒரு நாளை 3 விநாடிப் பழக்கத்துக்கு ஒதுக்கணும். போன்ல 7 விநாடி, 3 விநாடின்னு மாறி மாறி ஒலிக்கிற மாதிரி வச்சுக்குங்க. கை 45 பாகையில கீழே. ஒலி கேட்டதும் தூக்கி, தூக்குற கடைசிப் பாதியிலேயே முதல் கட்டத்தை முடிச்சு, 2.5 விநாடிக்குள்ள விடணும். குண்டு இல்லாமத்தான். அட்டையை ஐந்து வாரம் கழிச்சுத் தொங்கவிடலாம்.

போட்டி நாளைக்குச் சில விஷயம். ட்ரிகரை இழுக்கத் தேவைப்படுற எடை குறைஞ்சது 500 கிராம். சரியா 500ல வச்சுட்டுப் போனா சோதனையில எடைக் கல்லைத் தூக்காம போயிடும், 520ல வச்சுக்குங்க. துப்பாக்கி 1500 கிராமுக்கு மேல போகக் கூடாது, 420க்கு 200க்கு 50 மி.மீ. பெட்டிக்குள்ள அடங்கணும். ஷூ கணுக்காலை மூடக் கூடாது. சுடுற கையில கடிகாரம், காப்பு, கயிறு எதுவும் மணிக்கட்டுல இருக்கக் கூடாது, கோயில் கயிறு கட்டியிருந்தா இடது கைக்கு மாத்திக்குங்க. குறி பார்க்காத கண்ணுக்கு வைக்கிற மறைப்பு 30 மி.மீ. அகலத்துக்கு மேல கூடாது. குழலுக்குள்ள ஆரஞ்சு நிற பாதுகாப்புக் கயிறு ரெண்டு பக்கமும் தெரியிற நீளத்துல இருக்கணும், உத்தரவு வர்ற வரைக்கும் எடுக்காதீங்க. ஆரம்பச் சோதனைச் சுற்று முடிஞ்சு ஸ்டார்ட் சொன்னப்புறம் குண்டு போட மறந்து காற்றை மட்டும் விட்டா அது பூஜ்யம். பக்கத்து ஆள் அட்டையில சுட்டாலும் உங்களுக்குப் பூஜ்யம்தான். ஒவ்வொரு தடவை கையைத் தூக்கும் முன்னாடியும் எண் பலகையைப் பார்க்கப் பழகுங்க.

ஏர் பிஸ்டலோட காற்று சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு மேல ஏத்தக் கூடாது. கைப்பம்புல ஏத்தினா 50 தடவைக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணி வடிகட்டியைத் திறந்துவிடுங்க. ஐப்பசி மழைக்காலக் காத்துல ஈரம் அதிகம், அது சிலிண்டருக்குள்ள தங்கித் துரு பிடிக்கும். ஏத்தினதும் சூடாத்தான் இருக்கும், ஆறினா அழுத்தம் இறங்கும், அதைப் பார்த்துட்டுத்தான் மிச்சத்தை ஏத்தணும். சிலிண்டர் மேல தயாரிச்ச தேதி பொறிச்சிருக்கும், பத்து வருஷம் தாண்டினதைப் போட்டிக்குக் கொண்டுபோகாதீங்க. பழசு வாங்கும்போது இதைத்தான் முதல்ல பார்க்கணும். சித்திரை வெயில்ல பூட்டின கார்ல சிலிண்டரை விட்டுட்டுச் சாப்பிடப் போகாதீங்க, பையோட கையில எடுத்துக்கிட்டே போங்க. பல்லவன் ரயில்ல சென்னைக்குப் போட்டிக்குப் போறதா இருந்தா துப்பாக்கிப் பெட்டி பூட்டுப் போட்டு, பில்லும் போட்டி அழைப்புக் கடிதமும் மேலாப்புல எடுக்கிற மாதிரி வச்சுக்குங்க.