மிகைபுனைவு நாவலின் மறுவரைவு: உலகை முதலில் கட்டுவதா, கதையை எழுதுவதா?

கேள்வி (களுவாஞ்சிகுடி):
30 நாட்களில் 50,000 சொற்கள் என்னும் சவாலுக்காகப் பழைய நாவலொன்றை மீள எழுதுகிறேன். வாவியின் இரு கரைகளிலும் இரண்டு அரசுகள் இருப்பதாகக் கதை. பன்னிரண்டு நாள் கடந்தும் வரைபடமும் வம்சாவளியுமே வளர்கின்றன. உலகை முழுமையாக வகுத்த பின்னர்தான் எழுத வேண்டுமா?

மறுமொழி (கல்முனை):
வேண்டாம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள் தேவை. வரைபடம் அதில் சேராது. பழைய வரைவை ஒருமுறை வாசித்து மூடிவிடுங்கள். பெயர் தோன்றாத இடத்தில் ஒரு குறியிட்டு நகருங்கள்.

மறுமொழி (மட்டக்களப்பு):
உடன்படுகிறேன், ஆனால் ஒரே ஒரு விதியை மட்டும் இப்போதே தீர்மானியுங்கள். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் உள்ள எழுவான்கரை, படுவான்கரை என்ற நமது பெயர்களே ஞாயிறு எழும் பக்கத்தையும் படும் பக்கத்தையும் சொல்பவை. ஒரு கரை கடலை நம்பியது, மற்றது வயலை நம்பியது. இங்குள்ள தாய்வழிக் குடிமுறையைப் படுவான்கரை அரசுக்குக் கொடுத்தால், முடி மன்னனின் மகனுக்கன்றி அவனுடைய சகோதரியின் மகனுக்குச் செல்லும். அந்த வீட்டுப் பூசலே பல அத்தியாயங்களை இழுத்துச் செல்லும். நமது வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனை அலங்காரமாக மட்டும் வைக்காதீர்கள், அது சலித்துவிட்டது.

கேட்டவர்:
என் கதையில் மகனே முடிசூடுகிறான். மூன்றாம் அத்தியாயத்தை இன்றிரவே மன்னனின் சகோதரி மகனிடமிருந்து தொடங்குகிறேன்.