நண்டின் 'ஸ்பெர்மதீக்கா'வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சின்ன உதவி. பள்ளிப் பிள்ளைகள் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் போவதற்கு முன்னால் பார்ப்பதற்காகச் சதுப்புநில நண்டுகள் பற்றி ஒரு பலகை தயாராகிறது, அதற்குத் தமிழ் நான் எழுதுகிறேன். நடுவில் பெண் நண்டின் உட்படம், ஒன்பது அம்புக்குறிகள். சீனமும் மலாயும் முழுக்க நிரம்பிவிட்டன. தமிழில் ஏழு ஆகிவிட்டது, மீதி இரண்டில்தான் மூன்று நாளாக நிற்கிறேன்.

விஷயம் இதுதான். சேற்று நண்டில் பெண் தோலுரிக்கும் சமயத்தில்தான் இணைசேர்கிறது. அதற்கு முன்பே ஆண் அதைத் தன் வயிற்றுக்கடியில் அணைத்தபடி சில நாள் சுமந்து திரிகிறது, ஓடு கழன்று உடம்பு மெத்தென்று இருக்கும்போது சேர்கிறது. அப்போது வாங்கிய விந்தணுக்களைப் பெண் உடனே பயன்படுத்துவதில்லை. உள்ளே இரண்டு பைகள் உண்டு, அவற்றில் வைத்திருந்து, பல வாரங்களுக்கு அப்புறம் முட்டைகள் அந்த வழியாக இறங்கும்போதுதான் கருவாக்கத்துக்குக் கொடுக்கிறது. ஒரு தடவை வாங்கியதை வைத்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை முட்டையிடவும் முடியும். அந்தப் பைக்குத்தான் பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் ஸ்பெர்மதீக்கா என்றும் செமினல் ரிசப்டக்கிள் என்றும் இரண்டு பெயர் புழங்குகிறது, எனக்குக் கொடுத்த தாளிலும் இரண்டும் இருக்கிறது.

'விந்துப்பை' என்று போட்டுவிடலாமென்றால் அது மனித ஆணின் உறுப்புக்கு ஏற்கெனவே போய்விட்டது. பெண் நண்டின் படத்தில் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அச்சுக்கு வெள்ளிக்கிழமை காலை போகிறது. பெயர் ஒரே வரியில் அடங்க வேண்டும்.

ஈசூனிலிருந்து

* * *

அம்மா, வணக்கம்.

முதலில் அடிப்படையைச் சரிசெய்வோம். 'விந்து' தமிழ் இல்லை. வடமொழி 'பிந்து', அதாவது துளி, சொட்டு. நமக்கு 'வித்து' இருக்கிறது. 'வித்தும் இடல்வேண்டும் கொல்லோ' என்று வள்ளுவர் கையாண்ட சொல் கையில் இருக்கும்போது கடன் வாங்குவானேன்? வித்தை வைத்திருக்கும் உறை, ஆகவே வித்துறை. 'உறை' என்பதில் எத்தனை பொருள் ஒளிந்திருக்கிறது பாருங்கள். மூடியிருப்பதும் உறை, வாழ்வதும் உறைதல், பாலில் ஊற்றி இரவெல்லாம் வைத்திருந்து தயிராக்குவதும் உறை. விந்தணு அங்கே மூடப்பட்டு, தங்கி, காத்திருந்து, பிறகு வேறொன்றாகிறது. மூன்றும் பொருந்துகிறது.

இன்னொன்று. சேற்று நண்டு வகைகளில் ஒன்றின் அறிவியல் பெயரில் நம் தரங்கம்பாடி இருக்கிறது தெரியுமா? சில்லா டிராங்குபாரிக்கா. டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டி ஆண்ட காலத்தில், 1798ல் ஃபாப்ரீசியஸ் என்ற விலங்கியலாளர் வைத்த பெயர். பலகையில் ஒரு மூலையில் இதைப் போட்டால் தமிழ்ப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். தரங்கம்பாடிக்குக் கல்வெட்டில் சடங்கன்பாடி என்று பெயர், அலை பாடும் ஊர் என்று இப்போது சொல்லும் விளக்கம் பிற்பாடு வந்தது. 'பாடி' என்றால் குடியிருப்பு, பாட்டு இல்லை.

நண்டு என்றதும் ஐங்குறுநூறு நினைவுக்கு வராமல் போகாது. ஓரம்போகியார் கள்வன் பத்து என்று நண்டுக்கே பத்துப் பாட்டு ஒதுக்கினார். 'தாய்சாப் பிறக்கும் புள்ளிக் கள்வனொடு பிள்ளை தின்னும் முதலைத்து' என்கிறார் தலைவனின் ஊரை. தாய் சாகப் பிறக்கும் நண்டு. இந்த வரியையும் பலகையில் சேர்க்க வேண்டுகிறேன்.

பிடோக்கிலிருந்து

* * *

ஐயா, அந்த வரியைத் தயவுசெய்து சேர்க்க வேண்டாம். பாட்டு அருமையானது, ஆனால் நண்டுத் தாய் அப்படிச் சாவதில்லை. முட்டைகளை, உடம்புக்கு அடியில் மடிந்திருக்கும் அடிமடலுக்குள் இருக்கும் இறகு போன்ற கால்களில் ஒட்டவைத்து, பொரியும்வரை விசிறிக் காற்றோட்டம் கொடுத்துக் காப்பாற்றுகிறது. சேற்று நண்டு அதற்காகவே கடலுக்குள் போகிறது, பத்து லட்சத்துக்கு மேல் முட்டை. நம்மூர் நன்னீர் நண்டு இன்னும் ஒரு படி மேலே. சிங்கப்பூருக்கு வெளியே எங்குமே இல்லாத ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ், 1986ல் பீட்டர் இங் விவரித்தது. அந்த இனக்கூட்டத்து நன்னீர் நண்டுகளில் முட்டையிலிருந்து லார்வா வருவதில்லை, குட்டி நண்டாகவே வரும். தாய் அவற்றையும் கொஞ்ச நாள் மடலுக்குள் வைத்துச் சுமக்கும். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். அக்கா, உங்கள் தாளில் இரண்டு பெயர் இருப்பதைக் குழப்பம் என்று நினைத்து ஒன்றாக்கிவிடாதீர்கள். நண்டு படிப்பவர்கள் அவற்றை இரண்டு உறுப்புகளாகவே பிரிக்கிறார்கள். சேற்று நண்டு, நீலக்கால் நண்டு, கடற்கரையில் ஓடும் சின்ன நண்டுகள் எல்லாவற்றிலும் பெண்ணின் துளை மார்புத் தகடுகளில் ஆறாவதில் இருக்கிறது. அதிலிருந்து உள்ளே போகும் குழல் பைக்குப் போகிறது, முட்டைக்குழலும் அதே பையில் வந்து சேர்கிறது, கருவாக்கம் உள்ளேயே நடக்கிறது. இதுதான் செமினல் ரிசப்டக்கிள். ஆனால் கடற்பஞ்சை முதுகில் தூக்கிக்கொண்டு திரியும் ட்ரோமியா மாதிரி பழைய கிளை நண்டுகளில் முட்டைத் துளை காலின் அடிமூட்டில் இருக்கிறது. விந்தணு வைக்கும் இடமோ தனியாக, ஏழாவது எட்டாவது தகடுகளுக்கு இடையில் ஒரு மடிப்பு. இரண்டுக்கும் உள்ளே தொடர்பே இல்லை. அதைத்தான் கண்டிப்பான பொருளில் ஸ்பெர்மதீக்கா என்கிறார்கள். 'தீக்கா' கிரேக்கத்தில் பெட்டி, பேழை. எனவே விந்துப் பேழை என்று இதற்கும், உங்கள் படத்தில் இருப்பதற்கு வேறொன்றும் வையுங்கள்.

முட்டைக்குழல் பையில் எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம். துளைக்குப் பக்கத்தில் கீழே சேர்ந்தால் கடைசியாக வந்த ஆணின் விந்தணு முட்டைக்கு நெருக்கமாகக் கிடக்கிறது, மேலே சேர்ந்தால் அந்தச் சாதகம் அதற்கு இல்லை. பையின் கட்டுமானமே யார் தந்தை என்பதில் கைவைக்கிறது. அதனால்தான் வெறும் 'பை' என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனசில்லை.

ஜூரோங்கிலிருந்து

* * *

நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன், அதனால் படிக்கிறவர்கள் பக்கம் நின்று பேசுகிறேன். 'வித்துறை' என்று பலகையில் எழுதினால் என் மாணவர்கள் கல்வித்துறையில் 'கல்' விட்டுப்போய்விட்டது என்றுதான் படிப்பார்கள். பிரித்துச் சொன்னால் அழகு, பிரிக்காமல் படித்தால் புரியாது. பலகைக்கு முன்னால் நின்று பிரித்துச் சொல்ல யாரும் இருக்கப்போவதில்லை. விந்தணு அவர்கள் கேட்ட சொல், அதிலிருந்து தொடங்கினால் மீதியை ஊகித்துக்கொள்வார்கள். கூச்சப்படுவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். அறிவியல் வகுப்பில் ஆங்கிலத்தில் இதையே படித்துவிட்டுத்தான் என் வகுப்புக்கு வருகிறார்கள். தமிழில் மட்டும் மறைத்தால் தமிழ் மறைக்க வேண்டிய மொழி என்று ஆகிவிடும், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஊரில் படித்தபோது மண்புழுப் பாடத்தில் 'விந்து கொள்பை' என்று படித்த நினைவு இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

இன்னொரு சந்தேகம். பலகையின் மாதிரிப் பிரதியில் சூலகத்துக்குச் 'சினையகம்' என்று போட்டிருக்கிறீர்கள். சினை என்றால் எனக்கு முதலில் வருவது முதலும் சினையும்தான், சினைப்பெயர் நடத்தியே இருபது வருடம் ஓடிவிட்டது. உறுப்பு, கிளை, முட்டை, கருப்பம் எல்லாம் ஒரே சொல்லில். முழுமையிலிருந்து பிரிந்து நிற்பது சினை என்று பார்த்தால் கிளைக்கும் முட்டைக்கும் அது பொருந்தத்தான் செய்கிறது.

உட்லண்ட்ஸிலிருந்து

* * *

எல்லாருக்கும் வணக்கம், நான் அதிகம் எழுதுவதில்லை. அப்பா தேக்காவில் மீன்கடை வைத்திருந்தார், சின்ன வயதில் சனிக்கிழமை காலையெல்லாம் அங்கேதான். நண்டை மல்லாத்திப் போட்டு அடிமடலைக் கட்டைவிரலால் நெம்புவார். ஆணுக்கு ஊசிக் கோபுரம் மாதிரி குறுகல், வயசுக்கு வராத பெண்ணுக்கு அகலமான முக்கோணம், முழுப் பெண்ணுக்கு மார்பையே மூடுகிற அரைவட்டம். மடலைத் தூக்கினால் தகட்டில் இரண்டு சின்னத் துளை தெரியும். அது எதற்கு என்று நான் கேட்டதில்லை, இப்போதுதான் தெரிகிறது.

கடையில் 'உள்முட்டை', 'வெளிமுட்டை' என்று பிரித்துச் சொல்வோம். ஓட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக இருப்பது உள்முட்டை, ஆட்கள் விரும்பிக் கேட்பது அதைத்தான். மடலுக்கு வெளியே பொங்கிக்கொண்டு நிற்பது வெளிமுட்டை. முதலில் மஞ்சளாக இருக்கும், பொரிக்கிற சமயத்தில் கறுத்துவிடும். உள்முட்டை உண்மையில் சூலகம்தான் என்றால் பலகையில் அதையும் சொல்லுங்கள். வீட்டில் நண்டு சமைக்கிற எல்லாருக்கும் பளிச்சென்று புரியும்.

பொங்கோலிலிருந்து

* * *

நன்றி, எல்லாருக்கும். உள்முட்டை வெளிமுட்டையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், 'சினையகம்' என்பதை மாற்றி எழுதிய சூலகம் என்ற பெயருக்குக் கீழே விளக்கவரியாக வரும்.

நேற்று ராத்திரி 'கொள்' என்ற சொல்லையே யோசித்துக்கொண்டிருந்தேன். 'ஏற்பு' என்று போட்டால் வாங்குவதோடு நின்றுவிடுகிறது, 'சேமப்பை' என்று போட்டால் வைப்பதோடு நின்றுவிடுகிறது. கொள் இரண்டையும் செய்கிறது. கொள்கலம் என்றால் பிடித்து வைப்பது. கொள்முதல் என்றால் வாங்குவது. கருக்கொண்டாள், சூல்கொண்டது, எல்லாமே பெண்ணின் வினை. அதற்கும் மேலே, வைத்துக்கொள், எடுத்துக்கொள் என்று துணைவினையாக வரும்போது தனக்காகச் செய்வது என்ற பொருளும் வந்துவிடுகிறது. நண்டு செய்வது அதுவேதான். வாங்கி, தனக்கென்று வைத்து, தான் முட்டையிடும் நேரத்தில் எடுக்கிறது. ஆண் எப்போதோ போய்விட்டது. இதை ஒரே எழுத்துக்கூட்டில் சொல்ல வேறு மொழியில் முடியுமா என்று தெரியவில்லை, தமிழில் மூன்று எழுத்துகூட ஆகவில்லை.

ஆகவே படத்தில் இருப்பதற்கு விந்துகொள் பை. ட்ரோமியா பற்றிச் சேர்க்கும் சின்னக் கட்டத்தில் விந்துப் பேழை. 'விந்துக்கொள்' என்று ஒற்று வராது, விந்தைக் கொள்ளும் என்று இரண்டாம் வேற்றுமை தொக்கி நிற்கிறது. பேழைக்கு மட்டும் 'ப்' வரும்.

ஈசூனிலிருந்து

* * *

> ஒற்று வராது

'விந்து' போன்ற மென்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின்னால் மிகும் இடமும் உண்டு, குரங்குக்கால் என்கிறோமே. ஆனால் அது ஆறாம் வேற்றுமை. இங்கே வினை வருவதால் நீங்கள் சொல்வது சரி. 'கொள்பை' என்று சேர்த்து எழுதுங்கள், பிரித்தால் கொள்ளு வைக்கிற பை என்று யாராவது படிப்பார்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து

* * *

எனக்கும் விந்துகொள்பை சம்மதம். ஐயா சொன்ன வித்துக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நண்டின் விந்தணுவுக்கு வால் கிடையாது, அது நீந்தாது. ஆண் அதைச் சின்னச் சின்னப் பொதிகளாகக் கட்டித்தான் கொடுக்கிறது. பைக்குள் அசையாமல் கிடக்கும், முட்டை வந்து தொடும்வரை.

ஜூரோங்கிலிருந்து

* * *

தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அசையாமல், பொதியாக, காலம் வரும்வரை காத்துக்கிடப்பது துளியா, விதையா? 'விந்து' நீர்மத்தின் பெயர், 'வித்து' உறங்கும் உயிரின் பெயர். நண்டைப் பொறுத்தவரை வித்து தூய்மைக்காக வேண்டிய சொல் இல்லை, துல்லியத்துக்காக வேண்டியது. 'வித்துறை' படிக்கத் தடுக்குகிறது என்பதை ஏற்கிறேன். 'வித்துகொள்பை' என்று ஒரு எழுத்து மாற்றினால் என்ன கெட்டுவிடும்?

பிடோக்கிலிருந்து

* * *

ஐயா, உங்கள் மடலைப் பார்த்தபோது மணி பதினொன்று, ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் பக்கத்துப் பலகையில் 'விந்தணு' என்று ஏற்கெனவே அச்சாகிவிட்டது, இங்கே வித்து என்றால் பிள்ளைகள் இரண்டும் வேறு என்று நினைத்துவிடுவார்கள். இதுவரை எழுதிய ஐந்து பேரில் மூவர் விந்துகொள்பை பக்கம். அதையே அனுப்பிவிட்டேன். விந்துப் பேழையும் போயிற்று. தரங்கம்பாடியும் மூலையில் இருக்கிறது.

ஈசூனிலிருந்து

* * *

தரங்கம்பாடிக்கு நன்றி அம்மா. பலகைக்கு அது இருக்கட்டும், என் குறிப்பேட்டில் வித்துகொள்பைதான். மாதிரிப் பிரதியில் 'வயிற்று மடல்' என்று ஒரு பெயர் பார்த்தேன். நண்டின் இரைப்பை முன்பக்கம், கண்களுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது? அந்த மடலில் வயிறே இல்லையே. தேக்காக் கடைக்காரரின் பிள்ளையும் ஜூரோங் தம்பியும் இயல்பாகவே 'அடிமடல்' என்று எழுதியிருக்கிறார்கள். அச்சகத்தைக் காலை எட்டு மணிக்கு முன்னால் பிடிக்க முடியுமா?

பிடோக்கிலிருந்து