தக்கோலத்துக்குத் திரும்பித் திரும்பிப் போன குமரன்: ஆடியவர்களும் பார்த்தவர்களும்

பண்டிதர் வேஷம் கட்டியவர், குடியாத்தம்:

தக்கோலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாங்கள் ஆடிய புதுக் கூத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆடியவர்களும் பார்த்தவர்களும் அவரவருக்கு நேர்ந்ததை எழுதினால்தான் அது முழுசாக வரும். நான் தொடங்கி வைக்கிறேன்.

முதலில் கதை. 949-ல் தக்கோலத்தில் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் பெரிய போர் நடந்தது. பராந்தக சோழரின் மூத்த மகன் ராஜாதித்தர் யானை மேல் இருந்தபடியே உயிர்விட்டார். ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்று கல்வெட்டுகள் சொல்வது அவரைத்தான். அவருடைய படைத்தலைவர் வெள்ளங்குமரன் மலைநாட்டுக்காரர். போருக்கு ஆறு வருஷம் முன்னால், 943-ல், தென்பெண்ணைக் கரையில் கிராமம் என்ற ஊரில் சிவன் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவர். அங்கே உள்ள கல்வெட்டு கலியுக வருஷம் 4044 என்று சொல்வதோடு விடவில்லை. கலி பிறந்து 14,77,037 நாள் என்று நாள் கணக்கையும் வெட்டி வைத்திருக்கிறது.

அப்புறம் திருவொற்றியூர். அங்கே 959-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று சதுரானன பண்டிதர் என்ற துறவியைப் பற்றிச் சொல்கிறது. கேரளத்தில் பிறந்தவர், ராஜாதித்தருக்கு உயிர் நண்பர். அவரோடு சேர்ந்து போர்க்களத்தில் சாகக் கொடுத்து வைக்காத துக்கத்தில் உலகத்தை விட்டு, கங்கையில் மூழ்கி, ஒற்றியூருக்கு வந்து மடத்துத் தலைவரானவர். வெள்ளங்குமரனும் இவரும் ஒருவரே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. நாங்கள் அதையே எடுத்துக்கொண்டோம். அந்தக் கல்வெட்டு எந்த அரசனின் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது தெரியுமா? ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ கன்னரதேவன் என்ற ராஷ்டிரகூட அரசனின் ஆண்டில். நண்பனைக் கொன்ற படையின் அரசன் அவன். பண்டிதர் தன் நாட்களை அவன் கணக்கில்தான் எண்ண வேண்டியிருந்தது. இதைப் படித்துக் காட்டியதும் எங்கள் வாத்தியார், “இந்த மனுஷன அந்தக் களத்துக்குத் திருப்பி அனுப்பணும்டா” என்றார். அப்படித்தான் கூத்து பிறந்தது.

வட ஆற்காட்டில் கூத்து என்றால் பாரதம்தான். அர்ச்சுனன் தபசு, அபிமன்யு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர், படுகளம். சாவை ஜெயிக்கப் பார்த்தவர்களும் நம்மிடம் இல்லாமல் இல்லை. பகலிலும் கூடாது இரவிலும் கூடாது, உள்ளேயும் கூடாது வெளியேயும் கூடாது என்று வரம் கேட்ட இரணியன் இருக்கிறான். லிங்கத்தைக் கட்டிக்கொண்ட மார்க்கண்டேயன் இருக்கிறான். அந்தக் கதைகளில் எதிராளி யார் என்பது தெளிவு. எங்கள் கூத்தில் எமன் வேஷமே கிடையாது. பண்டிதர் கலி நாளைப் பின்னோக்கி எண்ணுவார், பின்பாட்டுக்காரர் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பாடுவார். வழக்கமாகச் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் நான் சுற்றி ஆடுவேன். திரை விலகினால் தக்கோலம், போருக்கு முந்தின நாள். அங்கே நிற்பது அவருடைய இளம் வயசு. “எமன் இல்லாத சாவுக்கூத்து இது. உன் கோபத்த யார் மேல காட்டுவ? யோசிச்சி ஆடு” என்று வாத்தியார் ஒத்திகை முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

முதல் பயணத்தில் பண்டிதருக்குத் தெரிந்தது ஆனைமங்கலச் செப்பேடு சொல்லும் சாவு. எதிரியின் கூரிய அம்பு நெஞ்சில் பாய்ந்தது. ஆகவே அம்பு வரும் திசையை மறைக்க ஆள் நிறுத்துகிறார். அப்போது ராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் ராஜாதித்தரின் யானை அம்பாரியையே போர்க்களமாக்கிக் கொன்றுவிடுகிறான். இதுவும் நாங்கள் கட்டியதில்லை, கர்நாடகத்து ஆதகூர் கல்வெட்டு இப்படித்தான் சொல்கிறது. பன்றியோடு சண்டையிட்டு மாண்ட காளி என்ற வேட்டை நாய்க்காக நட்ட கல் அது. அதில்தான் நம் இளவரசரின் சாவும் பதிவாகியிருக்கிறது. இரண்டாம் பயணத்தில் பூதுகனை மடக்குகிறார், அம்பு வந்துவிடுகிறது. இரண்டு சாட்சியங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் மாட்டிக்கொண்டு ஓடுகிற ஓட்டம்தான் முதல் பாதி.

மூன்றாம் பயணம்தான் சந்திப்பு. திரைக்கு முன்னால் ஒரே ஆள் மூன்று பேராக நிற்பார். குமரனுக்கு முழு வேஷம்: கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கண்ணாடிச் சில்லு மின்னும் கட்டை அத்தனையும். முந்தின பயணத்தில் வந்து திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்ட பண்டிதருக்குக் காவி வேட்டி, ஒரு தோளில் மட்டும் புஜக்கட்டை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இவரை நடுவர் என்போம். எனக்கு வெறும் காவியும் திருநீறும். ஆனால் காலில் சலங்கை இருக்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். துறவிக்கு எதற்குச் சலங்கை என்று கேட்டதற்கு, “அவன் கால் இன்னும் களத்த விட்டுப் போகலியே” என்றார். நான் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அந்தச் சத்தம் எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது.

கூத்து வழக்கப்படி கட்டியக்காரன் வந்து, “ஐயா, தாங்கள் யார்? எந்த நாடு?” என்று கேட்பான். குமரன் தன் பேரைச் சொல்வான். நடுவர் அதே பேரைச் சொல்வார். நானும் அதையே சொல்வேன். ஜனங்கள் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முறை அந்தப் பேர் வந்ததும் சிரிப்பு நின்றது.

நான் குமரனைத் தடுக்க வந்தவன். “போகாதே, போனாலும் நடக்காது” என்று சொல்ல வந்தவன். நடுவர் என்னைப் பார்த்து, “உமக்கு வயசாகிவிட்டது, பயம் வந்துவிட்டது. இந்த முறை இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தினால் போதும்” என்பார். இந்தக் கூத்தில் மிகக் கடினமான வேஷம் அதுதான் என்பது என் எண்ணம். அவர் முட்டாள் இல்லை. கணக்கில் ஒரு சின்னப் பிசகு, அதைச் சரிசெய்தால் போதும் என்று மனதார நம்புகிறவர். கூட்டத்தில் இளவட்டங்கள் எல்லாம் அவர் பக்கம்தான். நான் பதில் சொல்லச் சொல்ல விசில் அடித்து அடக்கினார்கள்.

வசனம் எங்களுக்கு எழுதி வைத்தது இல்லை. இடத்துக்குத் தகுந்த மாதிரி பேசுவோம். குமரன் திடீரென்று ஒத்திகையில் கேட்காத ஒன்றைக் கேட்டான்: “சாமி, இளவரசர் சிரிச்சா எந்தக் கன்னத்தில குழி விழும்?”

என்னிடம் பதில் இல்லை. அம்பு வரும் நாழிகை தெரியும், யானை நின்ற இடம் தெரியும், பூதுகன் ஏறி வரும் பக்கம் தெரியும். அத்தனை முறை போய் வந்த பண்டிதர் பார்த்ததெல்லாம் அந்தச் சாவைத்தான். நான் நடுவரைப் பார்த்தேன். அவரும் தலையைக் குனிந்துகொண்டார். ஆர்மோனியக்காரர் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது என் வாயில் வந்தது, “நீ சொல்லுப்பா, நான் மறந்துட்டேன்.” தடுக்க வந்தவன் அவன் காலடியில் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவன் மார்புப் பதக்கத்துக் கண்ணாடிச் சில்லுகளில் என் திருநீற்று முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. அவன் சொல்ல ஆரம்பித்தான்.

குமரன் வேஷம், ஆம்பூர்:

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் என்னைக் கேட்டுவிட்டார்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என் அண்ணன் பைக்கில் வந்துகொண்டிருக்கும்போது பெங்களூர் ரோட்டில் லாரி மோதி இறந்துவிட்டான். பள்ளிகொண்டா தாண்டி. எங்கள் வீட்டில் அதற்கப்புறம் பேச்செல்லாம் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான். டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தால். அப்பா போன் பண்ணி அவசரப்படுத்தாமல் இருந்திருந்தால். ரயிலில் வந்திருந்தால். வருகிறவர்களிடம் எல்லாம் அதையே சொல்லிச் சொல்லி, ஜோலார்பேட்டையிலிருந்து வரும் வண்டிகளின் நேரம்கூட அம்மாவுக்கு மனப்பாடம். அண்ணனைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசுவதில்லை.

அன்றைக்கு எதிரில் நின்றவர் காவி கட்டிக்கொண்டு நாழிகைக் கணக்குச் சொல்லச் சொல்ல, எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணைதான் தெரிந்தது. கிரீடத்தை இறுக்கிக் கட்டியிருந்தார்கள், காதெல்லாம் அடைத்த மாதிரி. அவர் பேசுவது எங்கிருந்தோ வருவது போல இருந்தது. அப்போதுதான் கேட்டேன்.

இடது கன்னம் என்று நான் சொன்னது என் அண்ணனுக்கு. இளவரசர் மோரில் உப்புப் போடாமல் குடிப்பார், சின்ன விஷயத்துக்கெல்லாம் பந்தயம் கட்டுவார், தோற்றால் கொடுக்காமல் ஏமாற்றுவார் என்று சொன்னதும் அவனைப் பற்றித்தான். சோழ இளவரசர் எப்படிப்பட்டவர் என்று எந்தக் கல்வெட்டிலும் இல்லை, அந்த இடத்தில் இவனை வைத்துவிட்டேன். அம்மா முன் வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். “பத்து ரூபாகூட குடுக்க மாட்டான், சனியன்” என்று சத்தமாகவே சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது வண்டியில் அவளும் அப்பாவும் அவனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். எட்டாம் வகுப்பில் அவன் பாலாற்று மணலில் சைக்கிளைப் புதைத்து வைத்துவிட்டு, திருடு போச்சு என்று அழுத கதை எனக்கே அன்றுதான் தெரியும்.

பார்வையாளர், காட்பாடி:

நான் வேலூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். இந்த ஊரின் லாட்ஜ்களில் எந்நேரமும் வெளியூர்க்காரர்கள்தான். வங்காளம், ஜார்கண்ட், அஸ்ஸாம் என்று வருகிறார்கள், கடைப் பலகைகளே வங்காளியில் இருக்கின்றன. இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முதலில் வெற்றியானது 1971-ல் இங்கேதான். சாவைத் தள்ளிப்போடுவது எங்களுக்குத் தினப்படி வேலை. நிறைய நாள் தள்ளியும் போடுகிறோம். முடியாத நாட்களும் உண்டு.

அந்த நடுவர் வேஷத்தை நான் தினமும் வராந்தாவில் பார்க்கிறேன். “அன்னிக்கே டிக்கெட் போட்டிருந்தா”, “உள்ளூர் டாக்டர்கிட்ட அந்த மூணு வாரம் வீணாக்காம இருந்திருந்தா.” எந்த மொழியில் சொன்னாலும் அதே கணக்கு. தப்பு இல்லை. அவர்கள் தேடுவது ஒரு வாசலை. பழைய நாளுக்குள் போய், அங்கே நிற்கிற தன்னையே தோளைப் பிடித்துக் குலுக்க வேண்டும் அவர்களுக்கு. நான் இத்தனை நாளும் “அப்படியெல்லாம் நினைக்காதீங்க” என்றுதான் சொல்லி வந்தேன். சந்திப்புக் காட்சியில் பண்டிதர் முதலில் சொன்னதும் அதுதானே, யார் கேட்டார்கள்?

கூத்துப் பார்த்துவிட்டு வந்த வாரம் ஒரு வங்காளிப் பெரியவர். மனைவி உள்ளே, வென்டிலேட்டரில். ஹவுரா ரயில், தப்பிய தேதி, பழைய ரிப்போர்ட் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில் கேட்டேன், அம்மா வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று. அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் கடுகு அரைத்துப் போட்ட மீன் குழம்பைப் பற்றி ஆரம்பித்தார். அம்மியில்தான் அரைப்பாளாம், மிக்ஸி வாங்கிக் கொடுத்தும் தொடவில்லையாம். டியூட்டி மாறும் நேரம் வந்துவிட்டது. அடுத்து வந்த சிஸ்டரிடமும் அதையே தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பிழைக்கவில்லை. போகும்போது பெரியவர் கடுகு எந்த அளவு, பச்சை மிளகாய் எத்தனை என்று ஒரு மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கட்டியக்காரன் வேஷம், வாலாஜா:

ஒன்று விட்டுப்போச்சு. பண்டிதர் மண்ணில் உட்கார்ந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு ஆயா எழுந்து நேராகச் சபைக்குள் வந்துவிட்டது. நடுவர் வேஷம் கட்டின தம்பியின் கையைப் பிடித்து, “இன்னாத்துக்கு நீ மட்டும் நின்னுகினு கீற? நீயும் குந்து, அவன் சொல்றத கேளு” என்றது. கூத்தில் யாராவது நடுவில் வந்தால் பேசிச் சமாளித்து அனுப்புவது என் வேலை. அன்றைக்கு நான் அனுப்பவில்லை. ஆயாவும் அங்கேயே உட்கார்ந்தது. அந்தத் தம்பிக்குக் கட்டு குலைந்து அழுகை வந்துவிட்டது. ஒரு தோளில் இருந்த புஜக்கட்டையை அவனே கழற்றிக் கீழே வைத்தான். அதுவும் ஒத்திகையில் இல்லாததுதான், இப்போது எல்லா ஊரிலும் அப்படியே செய்கிறோம்.

நம் பக்கம் கருமாதி ராத்திரியில் கர்ண மோட்சம் வைப்பது வழக்கம். அந்த ஆயாவின் சொந்தக்காரர் வீட்டுக் கருமாதிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். கர்ணனுக்கு முன்னால் இந்த மூன்று குமரன் காட்சியையும் ஆடச் சொன்னார்கள். குமரன் கேள்வியைக் கேட்டதும், இறந்தவரின் மகன் மொட்டைத் தலையோடு பாயில் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். வாத்தியார் கையைக் காட்டி முகவீணையை நிறுத்தினார். அப்புறம் மருமகள் ஒன்று சொன்னார், பங்காளி ஒருவர் சொன்னார், வரப்புத் தகராறில் பேசாமல் இருந்த பக்கத்துக் கொல்லைக்காரரும் எழுந்து ஒன்று சொன்னார். நாங்கள் மூன்று குமரனையும் உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். கர்ணன் திரைக்கு வருவதற்கு ராத்திரி இரண்டு மணி ஆகிவிட்டது.

இனிமேல் கருமாதிக்கு ஒப்புக்கொண்டால் இந்தக் காட்சிக்குத் தனியாக நேரம் ஒதுக்கிவிட வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். கர்ணன் வேஷம் கட்டுகிறவரும் சரி என்றுவிட்டார், அரிதாரத்தைக் கொஞ்சம் தாமதமாகப் போட்டுக்கொள்வதாக.