மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், என்ன செய்யலாம்?

மாலைவகுப்பு (கேள்வி)

வணக்கம். கல்லூரியில் படிப்பவர்களும் படித்து முடித்தவர்களுமாக ஒரு சின்னக் குழு சேர்ந்து, நாங்கள் வசிக்கும் பகுதியில் சாயங்காலம் வகுப்பு எடுக்கிறோம். கட்டணம் கிடையாது, யாரும் வரலாம். ஆரம்பத்தில் உட்கார இடமே பத்தவில்லை, இப்போது பாதிப்பேர்கூட வருவதில்லை. வருகிறவர்களில் மூன்றாம் வகுப்பும் உண்டு, எட்டாம் வகுப்பும் உண்டு. எட்டாவது படிக்கும் ஒரு பையனுக்கு ஒரு பத்தியைச் சேர்ந்தாற்போல் வாசிக்க வரவில்லை, பக்கத்தில் உட்காரும் நாலாம் வகுப்புச் சிறுமியோ கடகடவென்று வாசிக்கிறாள். பெற்றோரைக் கேட்டால் வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்புங்கள், அது போதும் என்கிறார்கள். எங்களுக்குள்ளும் இரண்டு கட்சி: பள்ளிப் பாடத்தையே நடத்துவோம் என்று ஒரு பக்கம், கதை, விளையாட்டு, சின்னச் சின்ன அறிவியல் சோதனை என்று பள்ளியில் கிடைக்காததைக் கொடுப்போம் என்று இன்னொரு பக்கம். நேரடி அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள். 'நல்ல முயற்சி, வாழ்த்துகள்' வேண்டாம், அது ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது.

கரும்பலகை

உங்கள் இரண்டு கட்சியும் தவறான இடத்தில் சண்டை போடுகிறது என்று நினைக்கிறேன். என்ன பாடம் என்பதற்கு முன்னால் யாரை யாரோடு உட்கார வைக்கிறீர்கள் என்று பாருங்கள். வகுப்பு வாரியாகப் பிரித்தால் அந்த எட்டாம் வகுப்புப் பையன் பள்ளியில் பகலெல்லாம் புரியாமல் உட்கார்ந்திருந்தது போதாதென்று உங்களிடமும் வந்து அதையே செய்வான், எத்தனை நாள் வருவான்?

பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு இதற்கு எளிய வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு எழுத்து, சொல், சின்னப் பத்தி, ஒரு கதை என்று வரிசையாக வாசிக்கச் சொல்வார்கள். எதுவரை தடங்கலில்லாமல் வருகிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் படி, வயதும் வகுப்பும் கணக்கில்லை. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும், பெரிய பயிற்சி எதுவும் தேவையில்லை. அதே படியில் இருப்பவர்களை ஒரு குழுவாக்கி அங்கிருந்து மேலே கொண்டுபோவார்கள், முன்னேறினால் உடனே அடுத்த குழுவுக்கு மாற்றிவிடுவார்கள்.

இது சும்மா சொல்கிற கதை இல்லை. மும்பையிலும் வதோதராவிலும் இதே அமைப்பு, பின்தங்கிய பிள்ளைகளுக்கு 'பால்சகி' என்று அந்தப் பகுதியிலேயே இருக்கும் இளம்பெண்களை வைத்துத் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் கற்பித்ததைப் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள், மதிப்பெண்கள் கூடியிருந்தன. அந்தப் பெண்கள் பெரும்பாலும் பள்ளிப்படிப்பு முடித்தவர்கள்தான், ஆசிரியர் பட்டம் பெற்றவர்கள் இல்லை. அதனால் 'நாங்கள் ஆசிரியர்கள் இல்லையே' என்ற தயக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

திண்ணைப்பேச்சு

மேலே சொன்னது சரி, ஆனால் அது வந்து உட்கார்ந்த பிள்ளைகளுக்கு. கேட்டவர்களின் பிரச்சினை வராத பிள்ளைகள். அதே ஆய்வாளர் வட்டம் உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்திலும் ஒரு ஆய்வு செய்திருக்கிறது. ஊர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து வாசிப்பு முகாம் நடத்த வைத்தார்கள். முகாமுக்கு வந்த பிள்ளைகளின் வாசிப்பு நன்றாகவே முன்னேறியது, ஆனால் வந்ததே மொத்தப் பிள்ளைகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! இலவசமாக, வீட்டுக்குப் பக்கத்தில், வேலை செய்யும் ஒரு முறை, அப்படியும் இவ்வளவுதான். ஆக, உங்கள் வகுப்பில் கூட்டம் குறைந்ததை வைத்து நீங்கள் மோசமாகக் கற்பிக்கிறீர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம்.

நான் செய்வது ஒன்றே ஒன்றுதான், வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போவது. 'ஏன் அனுப்பவில்லை' என்று கேட்டால் அது விசாரணை ஆகிவிடும். 'சாயங்காலம் பிள்ளைக்கு வீட்டில் என்ன வேலை' என்று கேட்டுப் பாருங்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, இருட்டில் தனியாகத் திரும்ப வேண்டியிருப்பது, ஏற்கெனவே காசு கட்டிச் சேர்த்த டியூஷன் நேரத்தோடு மோதுவது, இப்படித்தான் பதில் வரும். இது எதையும் பாடத்திட்டத்தை மாற்றித் தீர்க்க முடியாது. நேரத்தை மாற்றலாம், தம்பியையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லலாம், முடிந்ததும் இரண்டு பேராகப் போய் வீட்டில் விட்டுவிட்டு வரலாம். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும்படி எந்த நேரத்திலும் விடாதீர்கள், இதை முதல் நாளிலேயே விதியாக்கிப் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள், நம்பிக்கை தானாக வரும்.

வீட்டுப்பாடத்தைப் பற்றி: முதல் இருபது நிமிடம் கொடுத்துவிடுங்கள். பெற்றோர் கேட்கும் ஒன்றைச் செய்யாமல் நமக்குப் பிடித்ததை மட்டும் செய்துவிட்டு, ஆதரவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

எதிர்க்கட்சி

இருபது நிமிடம் நாற்பதாகும், அப்புறம் நீங்கள் சம்பளமில்லாத டியூஷன் சென்டர்தான். பள்ளிக்கு வெளியே கற்பிப்பதன் பலமே பள்ளி கேட்காததைக் கேட்க முடிவது. பிரேசிலில் 1963இல் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரேய்ரேயின் குழு அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேர வகுப்புகளில் எழுத்தறிவு கற்பித்தது. முதலில் அந்த மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கவனித்து, செங்கல் மாதிரி அவர்கள் தினமும் தொடும் பொருளின் பெயரை எடுத்து, அதை அசை அசையாகப் பிரித்து அதிலிருந்து வேறு சொற்களை அவர்களையே உண்டாக்க வைத்தார்கள். கற்பித்தவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள், உங்கள் வயதுதான்.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுபோனது. கற்க வந்தவர்களும் ஓட்டினார்கள், கற்பிக்கப் போன பெண்களும் ஓட்டினார்கள். சைக்கிள் எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது? ஆனால் ஒரு பெண் யாரையும் எதிர்பார்க்காமல் நினைத்த இடத்துக்குப் போக அதுதான் தேவைப்பட்டது. உங்கள் இடத்தில் அப்படி எது என்று கண்டுபிடியுங்கள். ஒருவேளை பிள்ளைகளைவிட அவர்களின் அம்மாக்களுக்கு ஏதாவது தேவைப்படலாம், படிவம் நிரப்புவது, போனில் பணம் அனுப்புவது என்று. அம்மா வந்தால் பிள்ளை தானாக வரும்.

மாலைவகுப்பு

எல்லோருக்கும் நன்றி. வீடுகளுக்குப் போவது என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை, இந்த வாரமே ஆரம்பிக்கிறோம். இரண்டு சந்தேகம். படி வாரியாகப் பிரித்தால் அந்த எட்டாம் வகுப்புப் பையன் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டுமே, அவமானமாக நினைத்து நின்றுவிட மாட்டானா? அடுத்தது, தேர்வு வந்தால் எங்களில் பாதிப்பேர் காணாமல் போவோம், அதற்கு என்ன செய்வது?

திண்ணைப்பேச்சு

இரண்டாவதுக்கு முதலில். கியூபாவில் 1961இல் எழுத்தறிவு இயக்கத்துக்காகப் பள்ளிகளையே மூடி சுமார் ஒரு லட்சம் இளைஞர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள், அரசாங்கம் செய்தால் அப்படிச் செய்யலாம். நமக்கு அந்த வசதி இல்லை. தேர்வு மாதத்தில் வாரம் இரண்டு நாள்தான் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். குறைந்த நாள் என்றாலும் சொன்ன நாளில் திறந்திருக்க வேண்டும், பிள்ளை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அடுத்த முறை கூப்பிடுவது கஷ்டம். ஒன்பதாவது, பத்தாவது படிப்பவர்களில் ஒன்றிரண்டு பேரை இப்போதே உதவியாளராகப் பழக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், புதிதாக வருகிறவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கரும்பலகை

அந்தப் பையனைச் சின்னவர்களோடு உட்கார வைக்காதீர்கள், நின்றுவிடுவான். அவன் வயதில் அதே சிக்கலோடு இன்னும் இரண்டு மூன்று பேர் நிச்சயம் இருப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கென்று தனி நேரம் வையுங்கள், சின்னவர்கள் போன பிறகு என்றால் நல்லது. அணில் ஆடு புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டாம். நியூசிலாந்தில் மாவோரிப் பழங்குடிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், உனக்கு இன்று எந்தச் சொல் வேண்டும் என்று ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்டு அதை அட்டையில் எழுதிக் கொடுப்பார். அவனிடமும் கேளுங்கள். கிரிக்கெட்டோ பைக்கோ, அவன் சொல்லச் சொல்ல நாலு வரி எழுதி அதையே வாசிக்கச் சொல்லுங்கள். தன் வாயால் வந்த வாக்கியம் என்பதால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும், தடுமாற்றம் குறையும். அச்சடித்த பத்திக்கு மெதுவாகப் போகலாம்.